உங்களுக்குத் தெரியுமா? வாரைப் பூட்டாத ஹெல்மெட்டும் விதிமீறல்தான்!

ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டினால் தமிழ்நாட்டில் முன்பு 100 ரூபாய் அபராதம். 2022 அக்டோபரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தமே இதற்கு அடிப்படை. பணத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்தத் திருத்தத்தில் வந்த 194டி பிரிவு, ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் முடக்கவும் வழி செய்கிறது.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மனைவியையும் பிள்ளையையும் வெறுந்தலையோடு ஏற்றிச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அளவான ஹெல்மெட் தேவை என்கிறது மத்திய அரசின் விதி. குழந்தை இருக்கும்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் சட்டமே விலக்கு தந்திருக்கிறது.

பலர் கவனிக்காத விஷயம் வார். ஹெல்மெட்டை வாரால் தலையோடு இறுகப் பூட்ட வேண்டும் என்று 129-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வார் தொங்கினால், வண்டி சரிந்ததும் முதலில் கழன்று ஓடுவது ஹெல்மெட்தான். தலை தார்ச்சாலையில் நேராக மோதும். முழங்கையில் மாட்டிச் சென்று, போலீஸைக் கண்டதும் கவிழ்த்துக்கொள்வதாலும் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

புது பைக் வாங்குகிறீர்களா? ஐஎஸ்ஐ தரத்தில் ஹெல்மெட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி. ஷோரூமில் கேட்டு வாங்குங்கள்.