கண்ணை மூடினால் கோபுரம் தெரிகிறதா?

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் கண்ணை மூடி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரத்தை நினைத்துப் பாருங்கள்.

சிலருக்கு வானத்தோடு சேர்ந்து முழுசாக எழுந்து நிற்கும். சிலருக்கு மங்கலாக வந்து வந்து போகும். சிலருக்கு வெறும் இருட்டு. ஆனால் எத்தனை நிலை என்று கேட்டால், அவர்களும் பட்டென்று 11 என்பார்கள். தெரிந்திருப்பது வேறு, மனசுக்குள் பார்ப்பது வேறு.

படமில்லாமல் எப்படி நினைக்க முடியும் என்கிறீர்களா? தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலைத் தென்பாண்டிப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம் என்பார்கள். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு. மண்ணும் நெருப்பும் கண்ணுக்குள் வந்திருக்கும். பூதமான ஆகாயத்துக்கு என்ன படம் வந்தது? ஒன்றும் வராமலேயே விஷயம் புரிந்ததில்லையா? சிலருக்கு எல்லாமே அப்படித்தான்.

1880-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், காலையில் சாப்பிட்ட மேசையை மனசில் கொண்டுவரச் சொல்லிப் பலரிடம் விசாரித்தார். அவருக்குத் தெரிந்த விஞ்ஞானிகள் பலர், படமா, அதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது என்றார்கள். இந்தப் படமற்ற நிலைக்கு 2015-இல்தான் ஆடம் ஜெமன் என்ற மருத்துவரின் குழு ‘அஃபேன்டேசியா’ என்று பெயர் வைத்தது. துளியும் படம் வராதவர் நூற்றுக்கு ஒருவர் இருப்பார். மிக மங்கலாக வருவோரையும் சேர்த்தால் நான்கு பேர்.

சும்மா சொல்கிறார்களோ என்ற சந்தேகத்துக்கும் ஆஸ்திரேலியாவில் சோதனை நடந்தது. வெளிச்சத்தைக் கண்டால் கண்ணின் பாப்பா சுருங்கும். வெளிச்சத்தை மனசில் நினைத்தாலே பலருக்குச் சுருங்குகிறது. படம் வராதவர்களுக்கு நிஜ வெளிச்சத்தில் சுருங்கிய பாப்பா, நினைப்பில் அசையவில்லை.

உள்ளுக்குள் ஓடும் பேச்சும் இப்படித்தான். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட், ஆட்களிடம் பீப் கருவியைக் கொடுத்தனுப்பினார். எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். அந்த நொடி மனசில் இருந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓயாமல் தனக்குள் பேசுவோரும் இருந்தார்கள், பேச்சே இல்லாதோரும் இருந்தார்கள். சிலருக்குச் சொல்லும் இல்லை, படமும் இல்லை. எண்ணம் மட்டும் இருந்தது.

நம்மிடம் பூசலார் கதை இருக்கிறது. திருநின்றவூர்க்காரர். கையில் பொருளில்லாமல், அடித்தளம் முதல் சிகரம் வரை மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தன் கற்கோயிலுக்கு நாள் குறித்திருந்த பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, உன் விழாவைத் தள்ளி வை என்றார் என்கிறது பெரியபுராணம். பூசலாருக்குப் படம் தெரிந்ததா என்று யாரும் அளக்க முடியாது. ஆனால் படம் வராதவருக்கும் கட்டும் வேலை கைவரும். அசைபடங்களுக்குப் பேர்போன பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கு மனசில் படம் வருவதில்லை.

ஆகவே, பாடம் மனசில் நிற்காத பிள்ளையிடம், “கண்ண மூடி நினைச்சுப் பாரு” என்று மட்டும் சொல்லாதீர்கள். வாய்விட்டுச் சொல்லட்டும், எழுதிப் பார்க்கட்டும். எது ஒட்டுகிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு வழி.