நெய்தலும் நிழற்படமும்

நெய்தல் நிலத்தை நிழற்படத்தில் அடக்குதல் எளிதன்று. குறிஞ்சிக்கு மலை உண்டு. முல்லைக்கு மரம் உண்டு. கண் சென்று தங்க ஓர் உயரம் உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிற்பார்க்கோ மேலே வானம், கீழே நீர், இடையே மெல்லியதொரு கோடு. அக்கோட்டின்மேல் புள்ளி புள்ளியாய்த் தோணிகளும் பூநாரைகளும் மனிதரும். உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரியது இவ்வேரி. எனினும் பெரும்பகுதி ஆழமற்றது. ஆதலின் நடந்தே தொழில் செய்வாரும் இங்கு உளர். இருளர் குடிப் பெண்டிர் இடுப்பளவு நீரில் அமர்ந்தாற்போல் நகர்ந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பர். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பர்.

மீனவர் வழக்குச் சொற்களைத் தொகுக்க மாணவரோடு சென்ற யாம் அக்காட்சியைப் படமெடுத்து, நான்கடி அகலத்தில் பெரிதாக்கித் துறைக் கண்காட்சியில் வைத்தோம். 'பாடு' என்னும் சொல்லுக்கு, எவ்வூரார் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என முறை வகுக்கும் ஏற்பாடு என்று பொருள் எழுதி அருகில் ஒட்டியிருந்தோம். பார்த்தோர் பாராட்டினர். எம் மாணவியொருத்தியின் தாயார் மட்டும் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். அன்று அந்நீரில் இருந்தவருள் அவரும் ஒருவர். "இதுல நான் எங்க சார் இருக்கேன்?" என்றார். யாமும் தேடினோம். ஏழு உருவங்கள் இருந்தன. முகம் ஒன்றுக்கும் இல்லை. சொல்லுக்குப் பொருள் எழுதினோம். சொல்லுக்கு உரியாரைக் கரும்புள்ளி ஆக்கிவிட்டோம்.

குறை எங்கே என்று ஆராய்ந்தபோதுதான் மீடியம் பார்மட் எனப்படும் பெரும்பரப்புக் காமிராவைப் பற்றிக் கற்க நேர்ந்தது. எம்மிடம் இருந்தது 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் பதியும் டிஜிட்டல் காமிரா. அகலவாட்டில் 4,288 புள்ளிகள். அவற்றை 48 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 90கூட இல்லை. அறுபது மீட்டர் தொலைவிலுள்ள முகத்துக்கு அதில் கிடைப்பது அகலத்தில் இருபது புள்ளிகளே. இருபது புள்ளியில் ஒரு தாயை மகள்கூட அறியாள்.

அருகே சென்றிருக்கலாமே எனலாம். சென்றால் சேறு கலங்கும், இறால் சிதறும். முகம் கிடைக்கும், ஏரி போய்விடும். பல துண்டுகளாக எடுத்து ஒட்டும் முறையும் உண்டு. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858 இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவ்வாறே பல படங்களாக எடுத்து ஒரு நெடிய சுருளாக ஒட்டினார். கல்வெட்டு நகராது. நீரில் இருப்பவர் நகர்வர். ஒட்டும் இடத்தில் ஒருவர்க்கு மூன்று கை முளைக்கும். ஆகவே எல்லாம் ஒரே நொடியில், ஒரே படத்தில் விழ வேண்டும்.

பெரும்பரப்பு நமக்குப் புதிதன்று. நம் ஊர்ப் படநிலையங்களில் மேலிருந்து குனிந்து நோக்கும் யாஷிகா பெட்டிகள் இருந்தன. 120 பிலிம் சுருளில் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் சதுரம். 2010 இல் வந்த பென்டாக்ஸ் 645டி, 2017 இல் வந்த புஜிபில்ம் ஜிஎப்எக்ஸ் 50எஸ் முதலியவற்றின் சென்சாரோ 44க்கு 33 மில்லிமீட்டர். பழைய சதுரத்தில் பாதிக்கும் குறைவு! பெயரளவில்தான் பழம்பெருமை. ஆனால் எம் சிறு காமிராவின் சென்சாரைவிட அது ஏறத்தாழ நான்கு மடங்கு. பரப்புப் பெருகினால் படம் ஏற்கும் மொத்த ஒளி பெருகும். நிழலுக்குள் கிடக்கும் விவரம் இரைச்சற்புள்ளியில் மூழ்காமல் பிழைக்கும்.

இக்காமிராவின் விலை எம் ஊதியத்துக்கு எட்டாது. 2021 இல் வெளிவந்த ஜிஎப்எக்ஸ் 100எஸ் ஒன்றைச் சென்னையில் இரு நாள் வாடகைக்கு எடுத்தோம். பதிவது 10 கோடியே 20 இலட்சம் புள்ளிகள், அகலவாட்டில் 11,648. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு எனத் தொல்காப்பியம் கூறும். மேலைக்கரையில் நிற்கும் எமக்கு மாலையொளி முதுகின்பின் அமையும் என எண்ணி, அப்பொழுதுக்கே திட்டமிட்டோம். ஆனால் நீர் ஏறி வடிவதைப் பார்த்துத் தொழிலுக்கு இறங்குவோர் இலக்கணம் பார்ப்பதில்லை. காலையில்தான் இறங்கினர், கதிரவன் அவர்களுக்குப் பின்னே. வானம் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுத்தோம். பின்னர்க் கணிப்பொறியில் நிழலை உயர்த்தியபோது கன்னமும் மூக்குத்தியும் வெளிப்பட்டன. சிறு காமிராவில் அவ்வாறு உயர்த்தியிருந்தால் சாம்பல் மணலே மிஞ்சியிருக்கும்.

இடர்கள் இல்லாமலில்லை. பரப்புப் பெருகப் பெருகத் தெளிவின் ஆழம் சுருங்கும். கரைநாணலும் தொலைத்தோணியும் ஒருங்கே தெளிய வேண்டுமெனில் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நீளும். நீண்டால் நகரும் கை மங்கும். நாணலைக் கைவிட்டுப் பெண்டிரைத் தேர்ந்தோம். முக்காலியின் கால்கள் சேற்றில் அமிழ்ந்துகொண்டேயிருந்தன. மூன்று மரப்பலகைகளைக் கொடுத்து உதவியவர் ஒரு தோணிக்காரர். உப்புக் காற்றுக்கு அஞ்சி லென்ஸை மாற்றவேயில்லை. சுருக்காமல் சேமித்தால் ஒரு படமே இருநூறு மெகாபைட்டைத் தொடும். எம் துறையின் பழைய கணிப்பொறி ஒரு படத்தைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். மலையையும் மரத்தையும் எடுத்து அஞ்சலட்டை அளவில் அச்சிடுவோர்க்கு இச்செலவு வீண் என்பதே எம் கருத்து.

எடுப்பதற்கு முன் அப்பெண்டிரிடம் இசைவு கேட்டிருந்தோம். முதன்முறை கேட்கவில்லை, முகம் தெரியாது என்னும் துணிவோ என்னவோ.

புதிய படத்தை அதே நான்கடி அகலத்தில் அச்சிட்டு, இம்முறை அவர்தம் குடியிருப்புக்கே கொண்டுசென்று ஒரு திண்ணைச் சுவரில் சாத்தினோம். மாணவியின் தாயாரிடம் இடப்புறம் மூன்றாவதாக இருந்த உருவத்தைக் காட்டி, "இது நீங்கள்தானே அம்மா?" என்றோம். அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "அது எங்க அண்ணி சார். நான் அதுக்குப் பின்னால, பறி நிறைய வெச்சிருக்கேன் பாருங்க."