உள்ளரங்கக் கபடிக்கு எந்த லென்ஸ்? உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும்!

பிள்ளைகள் கபடி ஆடுவதை உள்ளரங்கத்தில் படமெடுத்தால் கலங்கலாக வருகிறது, பெரிய ஜூம் லென்ஸ் வாங்கலாமா என்று திருநெல்வேலி நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் போடும் முன், ஏற்கனவே எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஆராயுங்கள் என்பதே என் பதில். செலவு இல்லாத வேலை இது.

வெயிலும் கூரையும்

தாமிரபரணிக் கரை ஊர்களில் கபடி மண் களத்தில் வளர்ந்த ஆட்டம். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்தப் பகுதிக்காரர்தான். பகல் வெயிலில் சாதாரண லென்ஸே நன்றாகப் படமெடுக்கும். மேட் விரித்த அரங்கத்துக்குள் வெளிச்சம் வெயிலில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. நம் கண் அதற்குப் பழகிவிடும். கேமராவோ ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து ஈடுகட்டும். அதற்குள் ரைடர் நகர்ந்துவிடுவார், படம் கலங்கிவிடும்.

படத்தில் இருக்கும் விவரம்

விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் செல்லவும். டீடெயில்ஸ் டேபில் எஃப்-ஸ்டாப், எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ ஸ்பீட், ஃபோக்கல் லெங்த் ஆகிய நான்கையும் குறித்துக் கொள்ளவும். மெமரி கார்டிலிருந்து நேரடியாகக் காப்பி செய்த ஃபைலாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவில் இவை இருக்காது.

மேட்டின் கோடு தெளிவாக இருந்து ஆட்டக்காரர் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. படம் முழுவதும் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. புள்ளி புள்ளியாக இருந்தால் ஐ.எஸ்.ஓ அதிகம்.

சிறிய எண், பெரிய திறப்பு

கேமராவுடன் வரும் ஜூம் லென்ஸை முழுவதும் இழுத்தால் பெரும்பாலும் எஃப்/5.6 தான் கிடைக்கும். எக்ஸ்போஷர் டைம் 1/60 வினாடி என்று வந்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கபடிக்கு 1/500 ஆவது தேவை. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும். மழையில் வைத்தால் செம்பைவிட அண்டா அதிகத் தண்ணீர் பிடிப்பது போலத்தான். எஃப்/2.8 நான்கு மடங்கு வெளிச்சம் தரும், எஃப்/1.8 ஏறக்குறைய பத்து மடங்கு தரும். அதாவது ஐ.எஸ்.ஓ மாறாமலே 1/60 என்பது 1/500ஐத் தாண்டிவிடும். எனவே கடையில் எத்தனை மடங்கு ஜூம் என்று கேட்காதீர்கள். எஃப் எண் என்ன என்று கேளுங்கள்.

எத்தனை மில்லிமீட்டர்?

படங்கள் உள்ள ஃபோல்டரை டீடெயில்ஸ் வியூவில் வைக்கவும். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, மோர் சென்று, ஃபோக்கல் லெங்த்தை டிக் செய்யவும். அந்தத் தலைப்பைக் கிளிக் செய்தால் படங்கள் வரிசைப்படும். உங்களுக்குப் பிடித்த படங்கள் 50 மி.மீ பக்கம் இருந்தால் 50 மி.மீ எஃப்/1.8 போதும், இந்த வகையில் விலை குறைவானதும் இதுவே. 80, 90 பக்கம் இருந்தால் 85 மி.மீ எஃப்/1.8 பார்க்கலாம். கேலரியிலிருந்துதான் எடுக்க முடியும் என்றால் மட்டும் 70-200 மி.மீ எஃப்/2.8 பற்றி யோசிக்கலாம். அது விலையும் அதிகம், எடையும் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும்.

ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10 மீட்டர். கோட்டருகே உட்கார்ந்து 8 மீட்டர் தூரத்தில் எடுத்தால், ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராவில் 50 மி.மீ லென்ஸ் சுமார் 3.8 மீட்டர் அகலத்தைக் காட்டும். ரைடரும் பிடிக்க வரும் இரண்டு மூன்று பேரும் அதில் அடங்குவார்கள். 200 மி.மீட்டரில் ஒரு மீட்டர்கூடத் தெரியாது.

வாங்கும் முன்

லென்ஸ் உங்கள் கேமராவில் பொருந்துமா என்று பாருங்கள். கேனானின் பழைய ஈ.எஃப் லென்ஸை அடாப்டர் வைத்துப் புதிய ஆர்.எஃப் கேமராவில் மாட்டலாம், ஆர்.எஃப் லென்ஸைப் பழைய கேமராவில் மாட்ட முடியாது. நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றில் பழைய 50 மி.மீ எஃப்/1.8டி லென்ஸ் ஆட்டோஃபோக்கஸ் ஆகாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

புதிய லென்ஸ் வந்ததும் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஷட்டரை 1/500 என்று வைத்து, கன்டினியூவஸ் ஃபோக்கஸில் ரைடரைக் குறிவையுங்கள். எஃப்/1.8இல் ஃபோக்கஸ் ஆகும் ஆழம் குறைவு. முன்னே பின்னே நிற்பவர்கள் மங்கலாகத்தான் தெரிவார்கள்.