கொடுப்பதை உடனே கொடுப்போம்!

'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பார்கள். கஞ்சிக்கு மட்டுமல்ல, தருமத்துக்கும் இது பொருந்தும். இன்று பசிக்கிற வயிற்றுக்கு நாளை விருந்து வைத்து என்ன பயன்?

சகோதரிகளே, கொடுக்க மனமில்லாத பெண்கள் நம்மில் ரொம்பக் குறைவு. ஆனால் "பார்க்கலாம்", "அவரைக் கேட்டுச் சொல்றேன்", "சம்பளம் வரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே நம் ஈகை வாசற்படியைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. கையில் வைத்துக்கொண்டே, போய் நாளைக்கு வா என்று அயலாரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வேதாகமத்தில் நீதிமொழிகள் புத்தி சொல்கிறது.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை எத்தனையோ முறை கேட்டிருப்போம். அடிபட்டுக் கிடந்தவனிடம் அவன் ஊரும் குலமும் விசாரிக்கவில்லை. தன்னிடமிருந்த எண்ணெயையும் திராட்சை ரசத்தையும் காயத்தில் வார்த்துக் கட்டினான். அது அவன் பையில் இருந்தது, அதனால் உடனே உதவியது. நான் இதில் கற்றுக்கொண்டது இதுதான்: கேட்டவுடன் கொடுக்க வேண்டுமானால், கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கீழப்பழுவூரில் இருக்கும் எங்களுக்கு ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலம் பக்கம்தான். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். திருக்காவலூர் என்றும் அந்த ஊருக்குப் பெயர். அடைக்கலம், காவல் என்றெல்லாம் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்து, நம் வாசலில் நிற்பவரிடம் "அப்புறம் வா" என்று சொல்லலாமா?

எடுத்து வைக்க எளிய வழி, பிடி அரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போதே ஒரு பிடியைத் தனியாக ஒரு டப்பாவில் போடுவது. மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் 1910-லிருந்து இதை 'புஃபாய் தாம்' என்ற பெயரில் செய்து வருகிறார்கள். வீடு வீடாகச் சேர்த்து, விற்று, திருச்சபைப் பணிக்குக் கொடுக்கிறார்கள். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தாலும், இரண்டு வேளைக்கு மாதம் 2 கிலோ 400 கிராம் சேர்ந்துவிடும். வீட்டில் யாருக்கும் ஒரு கவளம்கூடக் குறையாது.

"2011-லிருந்து ரேஷனில் அரிசி சும்மாதானே கிடைக்குது, இது எதுக்கு?" என்று என் நாத்தனார் கேட்டாள். ஒருமுறை ஐப்பசி அடைமழையில் தொடர்ந்து நாலு நாள் வேலை இல்லை. கூலிக்குப் போகிற பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, அரிசி கடனாக் கிடைக்குமா? ரேஷன் அரிசி தீர்ந்துபோச்சு" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கடனெல்லாம் வேண்டாம்மா, கொண்டு போ" என்று டப்பாவோடு கொடுத்தேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் வந்தபோது மணி ஆறு. ஏழு மணிக்கு அவள் வீட்டுக் கூரை மேல் புகை வந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் நான் சொல்ல வந்த விஷயமே.

இன்னும் சில யோசனைகள்:

* டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு உண்டியல் வையுங்கள். பருப்பு, மாத்திரை, பஸ் செலவு என்று சில்லறைத் தேவைகளும் உண்டு. ஆரம்பிக்கும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டாம்.

* முதலில் கூலி, பிறகு தருமம். வேலை செய்தவரின் கூலி ஓர் இரவுகூட நம்மிடம் தங்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம். பாத்திரம் தேய்க்கிறவளை ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை அலைய விட்டுவிட்டுக் கோயிலில் காணிக்கை போட்டால் அது சரியாகாது.

* உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு வீட்டில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே உதவும். இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தை துவண்டுபோனால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

* துக்க வீட்டுக்கு, "ஏதாவது வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். காப்பியோ கஞ்சியோ கையோடு கொண்டு போங்கள்.

* நம்மால் முடியாது என்றால் அதையும் உடனே சொல்லிவிட வேண்டும். "இப்ப இல்லம்மா" என்று அன்பாகச் சொன்னால், அவர் நேரம் வீணாகாமல் வேறு இடம் பார்ப்பார். பொய் நம்பிக்கை கொடுத்து இழுத்தடிப்பது இல்லை என்பதைவிடக் கொடுமை.

* கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லாதீர்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே!

பெரிய தருமம் செய்ய நமக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். காணிக்கைப் பெட்டியில் இரண்டு சின்னக் காசு போட்ட ஏழை விதவையைத்தான் இயேசு மெச்சினார். இன்று இராத்திரி உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வையுங்கள். கேட்டு வரப்போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருக்குரியது நம் அடுப்படியில் தயாராக இருக்கட்டும்.