பிரைட்லிங் குன்றின் ஊசித்தூபி

நான்கு பக்கங்கொண்டு, அடி பருத்து, மேலே செல்லச் செல்லச் சிறுத்து, உச்சியிற் கூம்பாக முடியும் கற்றூணை ஊசித்தூபி எனலாம். பண்டை எகிப்தியர் இவற்றைச் சூரிய வழிபாட்டின்பொருட்டுக் கோயில் வாயில்களில் நிறுவினர். பிற்காலத்து ஐரோப்பியச் செல்வரோ தத்தம் நிலங்களில் எழுப்பித் தம் பெருமையை நாட்டினர். அவற்றுள் மலையகத்தார் அறியத்தக்கது, இங்கிலாந்தின் கிழக்குச் சசெக்ஸில் பிரைட்லிங் குன்றின்மேல் நிற்கும் தூபியாகும். ஏறக்குறைய 65 அடி உயரமான அதனை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியவர் யோன் புல்லர் (1757–1834) என்னும் நிலக்கிழார்.

இருபதாம் அகவையிலேயே அவருக்குப் பிரைட்லிங் நிலங்களும் யமேக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களும் உரிமையாயின. ஊரார் அவரைக் 'கிறுக்கர் யாக்' என்றனர். அதற்குக் காரணமும் உண்டு. 1810இல் பாராளுமன்றச் சபாநாயகரை இகழ்ந்து பேசியதால் அவர் அவையினின்றும் வெளியேற்றப்பட்டார். 1811இல், உயிரோடிருக்கும்போதே, கோயில் வளாகத்தில் தமக்கொரு பிரமிட்டுக் கல்லறை கட்டுவித்தார். எனினும் கல்விக்கு ஈந்த கையும் அவருடையதே. இலண்டன் அரச நிறுவகத்தில் அவர் ஏற்படுத்திய இரசாயனவியற் பேராசிரியர் பதவியை 1833இல் முதன்முதல் ஏற்றவர் மைக்கேல் பரடே ஆவார்.

இத்தகைய வள்ளல் பாராளுமன்றத்தில் அடிமை முறைக்காக வாதாடினார் என்பதே வரலாற்றின் கசப்பு. தூபிக்கும் பிரமிட்டுக்கும் பேராசிரியர் பதவிக்கும் பின்னே நின்ற செல்வத்தில் அடிமைகளின் வியர்வையும் கலந்திருந்தது.

புல்லர் 1834 ஏப்பிரலில் இறந்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி விளைச்சல் தளர்ந்தது. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் சமமான இறக்குமதி வரி விதித்தது. இலங்கையின் மலைக்காடுகள் விரைந்து அழிக்கப்பட்டன. தென்னிந்தியத் தமிழர் கால்நடையாக இம்மலைகளை வந்தடைந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. ஆகவே பிரைட்லிங் குன்றும் நல்லதண்ணிச் சரிவும் ஒரே வரலாற்றின் இரு முனைகள்.

கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. அவ்வீதியிற் கல்லுடைத்தவர் பெயரை அது கூறவில்லை. ஆதலின் தூபியொன்றைக் காணும் மாணவர் அதன் உயரத்தை மட்டும் அளந்தமைதல் போதாது. அதனை உயர்த்திய பொருள் எவர் உழைப்பில் விளைந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.