நம்பிக்கையைத் திருடும் சொற்கள்

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் உள்ள பிள்ளைப்பாக்கம் இன்று சிப்காட் தொழிற்பூங்காவால் அறியப்படும் ஊராகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம் வரை பரந்து கிடக்கும் ஆலைகளை நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிகின்றனர். அவர்களுக்கு வரும் தாள்களும் கைப்பேசிச் செய்திகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்திருக்கின்றன. 'அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்', 'ப்ராசஸிங் ஃபீஸ்', 'செக்யூரிட்டி டெபாசிட்' என்னும் சொற்களைக் கண்டதும், ஊரிலிருக்கும் தாய் காதணியை அடகு வைத்துப் பணம் அனுப்பிவிடுகிறாள். அத்தாள் மெய்யானதா, பொய்யானதா என்று கேட்க அவளுக்கு மொழியும் இல்லை, துணையும் இல்லை.

மோசடி ஆங்கில உடையணிந்து நம் வாசலுக்கு வரும் காலம் இது. ஆகவே, ஏமாற்றுதலுக்கு அந்த ஆங்கிலமே என்னென்ன பெயர் சூட்டியிருக்கிறது, அப்பெயர்கள் எங்கிருந்து பிறந்தன என்று அறிந்துகொள்வது வீண் பொழுதுபோக்கு ஆகாது. சொல்லின் வேரைத் தோண்டினால் ஏமாற்றுபவனின் வழியும் புலப்பட்டுவிடும்.

அரசனின் அலுவலர்

நம் பேச்சிலும் கலந்துவிட்ட 'சீட்டிங்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இடைக்கால இங்கிலாந்தில் ஒருவர் வாரிசின்றி இறந்தால் அவருடைய நிலம் அரசனுக்கோ நிலக்கிழாருக்கோ சேர்ந்துவிடும். இதற்கு 'எஸ்சீட்' என்று பெயர். அரசனுக்கு உரியதைக் கணக்கெடுக்க நியமிக்கப்பட்ட அலுவலர்கள், வாரிசு உள்ளவர்களின் உடைமையையும் பொய்க் காரணம் கூறிப் பறித்தனர். மக்களின் வெறுப்பில் அச்சொல்லின் முன்பகுதி தேய்ந்து, 'சீட்' என்பதே ஏமாற்றுதலைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. சட்டத்தின் முத்திரையோடு வந்தவர்களே ஏமாற்றுக்குப் பெயர் தந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. இன்றும் போலி ஆணைகள் முத்திரையோடும் கையொப்பத்தோடும்தானே வருகின்றன?

இந்தக் குற்றத்தை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவில் வைத்தது. அதனால் அந்த எண்ணே நம் நாட்டில் வசைச்சொல் ஆயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அக்குற்றம் 318-ஆம் பிரிவுக்கு இடம் மாறிவிட்டது. எண் மாறினாலும் மக்கள் நாவில் 'ஃபோர் ட்வென்டி' மாறவில்லை.

கடிகாரம் கேட்டவன்

'கான்மேன்' என்னும் சொல்லுக்கு இன்னும் தெளிவான வரலாறு உண்டு. 1849-இல் நியூயார்க் நகரில் வில்லியம் தாம்சன் என்பவன் நல்லுடை உடுத்து, வழியில் செல்வோரிடம் பழகியவன்போல் உரையாடுவான். பிறகு, தன்மீது நம்பிக்கை இருந்தால் நாளை வரை கடிகாரத்தைக் கொடுத்து வைக்க முடியுமா என்று கேட்பான். கொடுத்தவர்கள் அதனைத் திரும்பக் கண்டதில்லை. அவன் கைதானபோது செய்தித்தாள்கள் அவனை 'கான்ஃபிடென்ஸ் மேன்', அதாவது 'நம்பிக்கை மனிதன்' என்று குறிப்பிட்டன. அதன் சுருக்கமே 'கான்மேன்'. அவன் கத்தியைக் காட்டவில்லை, பூட்டை உடைக்கவில்லை. நம்பிக்கை ஒன்றே அவனுடைய திறவுகோல்.

1920-இல் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் போன்சி என்பவர், 45 நாட்களில் ஐம்பது விழுக்காடு இலாபம் தருவதாக அறிவித்தார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன் வணிகத்தில் அவ்வளவு ஆதாயம் வருவதாகக் கூறினார். உண்மையில், பின்னால் வந்தவர்களின் பணத்தையே முன்னால் வந்தவர்களுக்கு இலாபமெனப் பங்கிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அனைத்தும் சரிந்தது. இன்று இவ்வகை மோசடி எங்கு நடந்தாலும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

நம் நாட்டிலிருந்து கடல் கடந்த சொல்லும் ஒன்று உண்டு. 'தக்' என்று ஆங்கிலத்தில் முரடனைக் குறிக்கும் சொல், ஏமாற்றுபவன் என்று பொருள்படும் 'டக்' என்னும் இந்திச் சொல்லே. வழிப்போக்கர்களோடு நட்புக் கொண்டு, கூடவே நடந்து, கூடவே உண்டு, நம்பிய வேளையில் கழுத்தை நெரித்த கூட்டத்தாரை ஆங்கிலேய அரசின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் இப்பெயரால் சுட்டுகின்றன. இங்கும் கொலைக்கு முன்னால் வந்தது நட்புதான்.

கைப்பேசிக் காலத்துச் சொல் 'ஃபிஷிங்'. மீன்பிடித்தல் என்னும் சொல்லையே எழுத்து மாற்றி 1990-களில் உருவாக்கினர். வங்கியின் பெயரில் தூண்டிலைப் போட்டு இரகசிய எண்ணைப் பிடுங்குவது அது. 'வலை விரித்தான்' என்று நம்மவர் சொல்வதும் இதைத்தானே!

கொண்டலாத்தி தரும் பாடம்

எளிதில் ஏமாறுபவனை ஆங்கிலத்தில் 'ட்யூப்' என்பர். இது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் கொண்டலாத்திப் பறவைக்குரிய பெயரிலிருந்து இச்சொல் கிளைத்ததாக மொழியறிஞர்கள் கூறுவர். கொண்டையை விரித்துக்கொண்டு திரியும் அப்பறவை பார்வைக்கு அசடாகத் தோன்றியதாம்!

அந்தக் கொண்டலாத்திதான் திருக்குர்ஆன் கூறும் ஹுத்ஹுத். 'அந்நம்ல்' அத்தியாயத்தில், ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தியுடன் ஸுலைமான் நபி (அலை) அவர்களிடம் வந்து நின்ற பறவை அது. ஐரோப்பியருக்கு அசட்டுத்தனத்தின் அடையாளம்; நமக்கு உண்மை உரைத்த தூதர். ஆனால், அந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. செய்தியைக் கேட்ட நபியவர்கள் அதை உடனே நம்பிவிடவில்லை. பொய்யென்று ஒதுக்கிவிடவும் இல்லை. நீ சொல்வது மெய்யா, பொய்யா என்று பார்ப்போம் எனக் கூறி, கடிதம் கொடுத்தனுப்பிச் சோதித்தார்கள். விசாரிப்பது சந்தேகப் புத்தி ஆகாது, அது நபிவழி. செய்தி கொண்டு வருபவனைக் குறித்துத் தெளிந்துகொள்ளுமாறு 'அல்ஹுஜுராத்' அத்தியாயமும் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது.

மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்), மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். விற்பவனுக்கு அதில் எச்சரிக்கை. வாங்குபவனுக்கோ மேற்பரப்பைக் கண்டு மயங்காமல் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்னும் பாடம்.

ஹலால் என்னும் பெயரிலும்

ஆங்கிலச் சொல்லைக் கண்டு மயங்குவோர் ஒருபுறம். நம் சொந்தச் சொல்லைக் கண்டு மயங்குவோரும் உண்டு என்பதுதான் வேதனை. பெங்களூரில் இயங்கிய 'ஐ மானிட்டரி அட்வைசரி' நிறுவனம், வட்டியில்லாத ஹலால் முதலீடு என்று கூறிப் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அது சரிந்தபோது, பல்லாயிரக்கணக்கான முதலீட்டாளர்கள் புகாரோடு திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். திரட்டப்பட்ட தொகை சுமார் 4,000 கோடி ரூபாய் எனச் செய்திகள் கூறின. மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணம் அது. மார்க்கத்தின் சொல் உச்சரிக்கப்பட்டதும் கணக்குக் கேட்பதை நிறுத்திவிட்டோமே!

ஆகவே, இல்லந்தோறும் சில வழக்கங்கள் வேண்டும். வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்டால், தாளில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, ஆலையின் வாயிலுக்கே நேரில் சென்று விசாரிக்க வேண்டும். இரகசிய எண்ணை எவர் கேட்டாலும் கொடுத்தல் ஆகாது. இணைய வழியில் பணம் பறிபோனால் வெட்கி மறைக்காமல், அக்கணமே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதம் குறையக் குறையப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் கூடும். முதலீட்டு நிறுவனங்கள் ஏமாற்றினால், வைப்பீட்டாளர்களின் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் அளிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏமாந்துவிட்ட பிள்ளையைத் திட்டித் தீர்க்காதீர்கள். திட்டுக்கு அஞ்சும் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்க மாட்டான்.

தெலுங்கில் 'ஏமருபாட்டு' என்றால் கவனக்குறைவு. நம் 'ஏமாறுதலும்' பல வேளைகளில் அதுவன்றி வேறில்லை. நம்பிக்கை நற்பண்பு, அதைக் காவலின்றி விட்டுவைப்பதே குறை. பிறரை ஏமாற்றாத நாவையும், பிறரால் ஏமாறாத தெளிவையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.