பெண்கள் குரல் கொடுத்த காடு

சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் சகோதரிகளே, கோல்டன் கேட் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். பாலத்தைத் தாண்டி வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால், மலைகளுக்கு நடுவே ஆழமான பள்ளத்தாக்கில் ஒரு ரெட்வுட் மரக்காடு. மியூர் வுட்ஸ் என்று பெயர்.

மகள், மாப்பிள்ளை, கைக்குழந்தைப் பேரனோடு போயிருந்தேன். ஓடைக்கரையோரமாகப் பலகை பாவிய சமதளப் பாதை. குழந்தையைத் தள்ளுவண்டியிலேயே கொண்டுபோகலாம். முழங்கால் வலிக்காரியான எனக்கும் சிரமமில்லை. மலையேற ஆசைப்படும் இளசுகளுக்குத் தனி வழிகள் உண்டு.

அம்மாடி, என்ன உயரம்! மிக உயர்ந்த மரம் 258 அடி. பெரும்பாலானவற்றுக்கு 600 முதல் 800 வயது. விதையோ தக்காளி விதை அளவுதான்! மழையில்லாத கோடையில் கடல் மூடுபனிதான் இவற்றுக்குத் தண்ணீர். தாய்மரம் சாய்ந்தாலும் அதன் அடியிலிருந்து கன்றுகள் வட்டமாகக் கிளம்பிவிடும்.

“அம்மாவைச் சுத்திப் பிள்ளைங்க உட்கார்ந்த மாதிரி இல்லேம்மா?” என்றாள் மகள்.

இந்தக் காடு தப்பிப் பிழைத்ததே பெரிய கதை. சுற்றுவட்டார ரெட்வுட் மரங்களெல்லாம் பலகைக்காக வெட்டுப்பட்ட காலம். 1904-ல் ‘கலிபோர்னியா கிளப்’ என்ற மாதர் சங்கம் இதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தது. அப்போது அவர்களுக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாது. கலிபோர்னியாவில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1911-ல்தான்!

1905-ல் வில்லியம் கெண்ட், எலிசபெத் தம்பதி 45,000 டாலருக்குக் காட்டை வாங்கினார்கள். 1907-ல் அணை கட்ட இடம் கேட்டு ஒரு தண்ணீர்க் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. தம்பதி என்ன செய்தார்கள் தெரியுமா? 295 ஏக்கரை அரசாங்கத்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்கள்! 1908 ஜனவரி 9-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்.

அங்குள்ள வரலாற்றுப் பலகையில் மாதர் சங்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் இருந்தது. 2021-ல் காட்டு ஊழியர்கள் சீட்டு ஒட்டி அதைச் சேர்த்தார்கள். 2025-ல் அந்தச் சீட்டுகள் எடுக்கப்பட்டுவிட்டன. போகட்டும், நம் பெண் குழந்தைகளுக்கு நாம் சொல்லி வைக்கலாமே!

போகிறவர்களுக்கு:

வண்டி நிறுத்த முன்பதிவு அவசியம். செல்போன் அங்கே எடுக்காது. சீட்டை முன்பே எடுத்து வையுங்கள். கோடையிலும் குளிரும், குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லாய் மறக்க வேண்டாம். காட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட அனுமதியில்லை. புளியோதரையைப் போகும் வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்!